10 ரூபாய் ஜெராக்ஸை மிச்சம் பிடித்த கதை

திருச்சி விமான நிலையத்தில் அம்மா பாதுகாப்புச் சோதனைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். என் கையில் செத்துப்போன போன். அதற்கு உயிர் கொடுக்கும் பவர் பேங்க் அம்மாவின் கைப்பையில்.

எல்லாம் அன்று காலை காரைக்குடியில் ஆரம்பித்தது. வெப் செக்கின் முடித்து இரண்டு பேருடைய போர்டிங் பாஸும் என் போனில் இருந்தன. அம்மா விடவில்லை. "தாள்ல எடுத்துக்கடா, போன் அணைஞ்சு போச்சுன்னா?" சரி என்று ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனால் பக்கத்துக்கு 10 ரூபாய். அம்மாவுக்கு மட்டும் எடுத்தேன். எனக்கு எதற்கு?

அப்புறம் தரையில் பதிக்கும் பூக்கற்களுக்குப் பேர்போன ஆத்தங்குடி. போனைக் கொன்றது இந்த ஊர்தான். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் குழம்பை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். அந்தப் பளபளப்பு மெருகு போட்டு வந்ததில்லை, கண்ணாடியிலிருந்து வந்தது. ஒரு கல்லுக்கு மூன்று வீடியோ எடுத்தேன். கானாடுகாத்தான் வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களுக்கு இன்னும் நாற்பது படம்.

நடுவில் வெள்ளைப் பணியாரம். ஒரு ஆழாக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே கோபுரமாக நிற்கிற அளவு உளுந்து, அதுதான் கணக்காம். கார சட்னியோடு ஏழு சாப்பிட்டேன். வெட்கமில்லை.

விமான நிலையத்துக்கு டாக்ஸி கேட்டேன். 4,000 ரூபாய் என்றார் ஓட்டுநர், டோல் தனியாம். விமான டிக்கெட்டே அவ்வளவுதான் ஐயா! பஸ் ஏறிவிட்டோம். ஆளுக்கு நூறு ரூபாய்கூட ஆகவில்லை. திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருப்பதால் ஊருக்குள் போகவே வேண்டாம், வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம். என்ன, டாக்ஸியில் சார்ஜர் இருந்திருக்கும். பஸ்ஸில் ஜன்னல்தான் இருந்தது.

வாசலில் நுழையும்போது 4 சதவீதம், தப்பித்தேன். உள்ளே பெண்களுக்குத் தனி வரிசை. ஒரே போனில் இரண்டு பாஸ் வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. அம்மாவுக்குப் போனைக் கொடுத்தால் நான் எதைக் காட்டுவது? போதாக்குறைக்குப் போனையும் தட்டில் போட்டு எக்ஸ்ரேக்கு அனுப்ப வேண்டும். அம்மா மடித்த தாளை நீட்டினார், முத்திரை வாங்கினார், போய்விட்டார். என் முறை வந்தபோது திரை கறுத்தது.

காவலர் கோபப்படவில்லை. "கவுண்டர்ல பிரிண்ட் வாங்கிட்டு வாங்க" என்றார். அந்த வரிசையில் இருபது நிமிடம். முறை வந்ததும் கவுண்டரில் இருந்தவர், "வெப் செக்கின்தான் பண்ணிட்டீங்களே?" என்று ஏதோ குற்றம் செய்ததுபோலப் பார்த்தார். அச்சடித்துத் தரக் காசு கேட்பாரோ என்று வேறு பயம். முன்பு சில நிறுவனங்கள் 200 ரூபாய் வாங்கின. அப்படி வாங்கக் கூடாது என்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூலையில் சொல்லிவிட்டது. நல்லவேளை, இவர் கேட்கவில்லை.

தாளிலும் திரையிலும் இருக்கும் சங்கதி ஒன்றுதான். பெயர், பிஎன்ஆர், விமான எண், இருக்கை எண் எல்லாம் அந்தப் பார்கோடு கட்டத்துக்குள் அடக்கம். அதனால்தான் ஜெராக்ஸ் கடைத் தாளும் செல்லுகிறது. அதே காரணத்தால் போர்டிங் பாஸைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடுவது அசட்டுத்தனம். தனியாக, நிறைய சார்ஜோடு போகிறவருக்குப் போன் போதும், ஸ்கிரீன்ஷாட் இருந்தால் நெட்கூட வேண்டாம். அம்மா அப்பாவோடு போனால் ஆளுக்கொரு தாள், கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்.

வேர்க்க விறுவிறுக்க கேட்டுக்குப் போனேன். அம்மா காரைக்குடியில் வாங்கிய மனகோலம் என்ற இனிப்புப் பலகாரப் பொட்டலத்தைப் பாதி முடித்திருந்தார். பவர் பேங்கை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "அந்தப் பத்து ரூபா பத்திரமா இருக்கா?"