மந்திரவாதி உருவாகிறான்: 28 மி.மீ. சிற்ப நாட்குறிப்பு

ஜனவரி 4

இந்த மாத வேலை, 28 மி.மீ. அளவில் ஒரு கிழ மந்திரவாதி. கணுக்கால் வரை அங்கி, மார்பு வரை தாடி, தலையில் தொப்பி, கையில் தடி. இந்த 28 மி.மீ. பொதுவாகப் பாதத்திலிருந்து கண் வரை அளப்பது. உச்சி வரை அளந்தால் 30ஐத் தாண்டும்.

இன்று கம்பி மட்டும். முதுகெலும்புக்கும் கால்களுக்கும் 0.8 மி.மீ. பித்தளைக் கம்பி, கைகளுக்கு 0.5. உருவத்தை அதே அளவில் காகிதத்தில் வரைந்து, வரைபடத்தின் மேலேயே கம்பியை வைத்துக் குறடால் வளைப்பது நல்லது. கவட்டை 15 மி.மீ. உயரத்தில், முழங்கால் 8-இல். தோளின் குறுக்குக் கம்பி 6 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. மேலே புட்டி (பிசைந்து உருவம் கொடுக்கும், பிறகு இறுகும் எப்பாக்ஸி) ஏறியதும் அதுவே 8 ஆகிவிடும். பல உருவங்கள் பீப்பாய் போல் பருத்துப் போவது இங்கேதான், உடலின் வெளிக்கோடு வரை கம்பியை விரித்துவிடுவதால். பாதத்துக்குக் கீழே 20 மி.மீ. கம்பி மிச்சம் வைத்துத் தக்கையில் குத்தியாயிற்று. இணைப்புகளில் ஒரு துளி சூப்பர் குளூ.

ஜனவரி 5

என் புட்டி கிரீன் ஸ்டஃப்; மஞ்சள், நீலம் என்ற இரு பகுதிகளைப் பிசைந்து கலக்கும் எப்பாக்ஸி. அது பட்டையாக வரும்போது மஞ்சளும் நீலமும் ஒட்டியிருக்கும் நடுக்கோட்டை 2 மி.மீ. அகலத்துக்கு வெட்டி எறிந்துவிட வேண்டும். அங்கே இரண்டும் முன்பே வினைபுரிந்து இறுகியிருக்கும். எவ்வளவு பிசைந்தாலும் கரையாத குறுணைகள் அவை; வழவழப்பாக வேண்டிய இடத்தில்தான் வந்து தலைகாட்டும்.

சமபங்கு எடுத்து, கோடுகள் மறைந்து ஒரே பச்சையாகும் வரை பிசைய வேண்டும். மஞ்சள் கூடினால் மிருதுவாகும், அதிகம் ஒட்டும். நீலம் கூடினால் விறைப்பாக இறுகும். நைட்ரைல் கையுறை அவசியம். இறுகாத எப்பாக்ஸி தோலில் ஒவ்வாமையை உண்டாக்கலாம். வந்துவிட்டால் பிறகு புட்டியைத் தொடவே முடியாமல் போகும்.

முதல் பூச்சு அரை மில்லிமீட்டர் தடிமனில், கம்பியைப் பிடித்துக்கொள்வதற்காக மட்டும். இதைத் தவிர்த்தால் பிறகு வைக்கும் புட்டி கம்பியைச் சுற்றிச் சுழலும். கழுத்தின் மேல் மண்டையோட்டுக்கு 3 மி.மீ. உருண்டை ஒன்று.

ஜனவரி 6

பூச்சு கல்லாகிவிட்டது. முழுதாய் இறுக ஒரு நாள் ஆகும். விளக்கின் இளஞ்சூட்டில் சில மணி நேரமே போதும். உடல், தொடை, தோள்களுக்குச் சதை ஏற்றியாயிற்று. அங்கி மூடிவிடும் என்று முழங்காலை விட்டுவிடக் கூடாது. துணி எங்கே முட்டி நிற்கும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

ஜனவரி 11

முகம். இதற்குப் புட்டியின் வயது சரியாக அமைய வேண்டும். கலந்த உடனே கருவியோடு ஒட்டிக்கொண்டு இழுபடும். ஒன்றரை மணி நேரம் கழிந்தால் அழுத்திய இடம் திரும்ப எழும்பிவிடும். 20 நிமிடம் ஓரமாக வைத்துவிட்டுத் தொடங்கினால் பிசுபிசுப்பு அடங்கியிருக்கும்.

மண்டையோட்டின் மேல் 1 மி.மீ. தோல். முதலில் கண்குழிகள், ஊசியின் உருண்டை முனையால். உச்சிக்கும் மோவாய்க்கும் நட்டநடுவே கண் வர வேண்டும். தொப்பி வைக்கும் தலைகளில் நெற்றியை மறந்து கண்ணை மேலேற்றிவிடும் தவறு மிகச் சாதாரணம்; பிறகு தொப்பி புருவத்தில் உட்காரும். மூக்குக்குச் சின்ன முக்கோணத் துணுக்கு. அதன் ஓரங்களைக் கன்னத்தோடு ரப்பர் முனைக் கருவியால் இழைத்து மறைக்க வேண்டும். வாயைப் பிளேடால் கீறி, கீழுதட்டை மட்டும் லேசாகக் கீழே தள்ளினால் போதும்; மேலுதட்டை மீசை பார்த்துக்கொள்ளும்.

கருவியை ஈரமாக்கச் சொட்டுத் தண்ணீர் போதும். தண்ணீர் தேங்கினால் புதிய துணுக்கு பழையதோடு ஒட்டாமல் செதிலாக உரியும்.

கண்விழிகள் இன்று வேண்டாம். மெத்தென்ற முகத்தில் உருண்டையை அழுத்தினால் கன்னமும் சேர்ந்து அமுங்கும்.

ஜனவரி 12

இறுகிய குழிகளில் விழிகள், மேலும் கீழும் நூல் போன்ற இமைகள்.

பிறகு தாடி. எடுத்த எடுப்பில் மயிர்க்கோடு கீறினால் துடைப்பமாகத்தான் தெரியும். முதலில் மொத்த வடிவம், அடுத்து நான்கைந்து பெரிய கற்றைகள், ஒவ்வொன்றும் வெவ்வேறு நீளத்தில். முக்கால் மணி நேரம் கழித்துப் புட்டி விறைக்கத் தொடங்கும்போதுதான் மெல்லிய கோடுகள். அப்போது கீறல் கூர்மையாக நிற்கும்.

ஜனவரி 18

அங்கி. இந்த உருவத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மடிப்புகள் தொங்கும் இடத்தில் பிறப்பதில்லை. தோள், முழங்கை, இடைக்கயிறு என்று துணி பிடிபடும் புள்ளிகளில் பிறந்து விரிகின்றன. அந்தப் புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, ஆழமான பள்ளங்களை முதலில் அழுத்தி, பிறகு மேடுகளை உருட்டினேன். சம இடைவெளியில் வந்த மடிப்புகளைக் கலைத்தே ஆக வேண்டும், பார்க்கத் திரைச்சீலையாகிவிடும்.

காற்றில் விரியும் கீழ்விளிம்புக்குத் தனித் தகடு. வாஸ்லின் தடவிய இரு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே 0.7 மி.மீ. கனத்தில் உருட்டி, தோல் பதத்துக்கு வந்ததும் வெட்டி ஒட்டியாயிற்று. ஒட்டும் விளிம்பில் வாஸ்லினைத் துடைத்துவிட வேண்டும். அடுத்த அடுக்குக்கு முன் சோப்பு நீரும் பழைய பல் துலக்கியும்.

ஜனவரி 19

கை: தடியின் கம்பியை முதலில் நிறுத்தி, அதைச் சுற்றி ஒரு சின்னக் கட்டி, மூன்று வெட்டு, நான்கு விரல்கள். கட்டைவிரல் தனி.

ஜனவரி 25

தொப்பியின் விளிம்பு கூர்மையாக வேண்டும். கிரீன் ஸ்டஃப் ரப்பர்த்தன்மை உடையது. அரம் போட்டால் நார்நாராகும். அதனால் மில்லிபுட் என்ற இன்னொரு எப்பாக்ஸி புட்டியைச் சரிபாதி கலந்தேன். இறுகியதும் நன்றாக இழையும். உப்புத்தாளை நனைத்தே தேய்க்க வேண்டும், தூசி மூச்சில் போகக் கூடாது. கடைசியாகச் சாம்பல் நிற பிரைமரின் (அடிவண்ணத்தின்) மெல்லிய பூச்சு. பச்சையில் கண்ணுக்குத் தப்பிய கைரேகைகள் அதில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

ரப்பர் அச்செடுத்து நகல்கள் வார்ப்பதானால் இன்னும் ஒன்று. தடிக்கும் அங்கிக்கும் நடுவே உள்ள இடைவெளியில் அச்சு ரப்பர் சிக்கிக் கிழியும். அதனால் தடியையும் கையையும் மணிக்கட்டில் அறுத்து, 0.5 மி.மீ. கம்பி முளையோடு தனித்துண்டாக்கிவிட்டேன். அறுத்த முகம் இரண்டும் தட்டையாக இருக்கட்டும்; வார்த்த பிறகு சுருங்கினாலும் பொருந்தும்.