மடக்குக்கத்தியின் ஆணி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழம்பொருள் கடை ஒன்றில் இன்று ஒரு மடக்குக்கத்தி பார்த்தேன். பித்தளைப் பிடி இன்னும் மின்னுகிறது. விரித்தால் அலகு இடமும் வலமும் ஆடுகிறது.

அலகு சுழலும் ஆணியின் துளை தேய்ந்துவிட்டது.

வீட்டில் செய்பவர்களும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஆணிக்கு 3 மி.மீ. பித்தளைக் கம்பி என்றால் துளையும் 3 மி.மீ.தான், கம்பி இறுக்கமாக நுழைய வேண்டும். அலகின் இருபுறமும் மெல்லிய வாஷர். ஆணித் தலையை அடிக்கும் முன், அலகுக்கும் பிடிக்கும் நடுவே எண்ணெய்க் காகிதம் ஒரு துண்டு. அடித்ததும் உருவிவிடுங்கள், அந்த இடைவெளியில்தான் கத்தி மடங்கும். காகிதம் வைக்காமல் அடித்தால் இறுகிப்போகும்.

துளை போடுவது பதம் வைப்பதற்கு, அதாவது அலகைச் சூடாக்கி முக்கிக் கடினமாக்குவதற்கு, முன்பே. பிறகு போட்டால் டிரில் பிட்தான் மழுங்கும்.

அலகைப் பழைய அரத்தில் செய்தால், முதலில் பழுக்கக் காய்ச்சிச் சாம்பலில் ஆறவிட்டு அறுக்கலாம். பதத்துக்கு, காந்தம் ஒட்டாத சூடு வந்ததும் வெதுவெதுப்பான கடலை எண்ணெயில் முக்கணும். தண்ணீர் வேண்டாம், விரிசல் விடும். அப்புறம் 200 டிகிரியில், வைக்கோல் நிறம் வரும்வரை மறுபடி சூடு. இதைத் தவிர்த்த அலகு கீழே விழுந்தாலே உடையும்.

எல்லாவற்றுக்கும் முன், அட்டையில் வெட்டிக் குண்டூசி குத்தி மடக்கிப் பாருங்கள். நுனி பிடிக்கு வெளியே நீட்டினால் ஆணியின் இடத்தை மாற்றுங்கள்.

பிடிக்கு, இடித்த வீட்டு பர்மா தேக்குத் துண்டு போதும்.