ஒன்பதாவது ரீல்

எங்கள் ஊர்க் கொட்டகையில் முதல் ஆட்டம் எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்பதை இயக்குநர் தீர்மானிக்கவில்லை. பொள்ளாச்சி போகும் கடைசி பஸ்தான் தீர்மானித்தது. பஸ் ஒன்பதே காலுக்கு. ஒன்பது மணிக்குள் படம் முடியாவிட்டால் கோபாலபுரம் பக்கத்து ஜனம் பாதியில் எழுந்து போய்விடும், அடுத்த படத்துக்கும் வராது. அதனால் நீளமான படம் என்றால் ஆப்பரேட்டர் அண்ணன் ஒரு பாட்டைத் தூக்கிவிடுவார். பாட்டு ஹிட்டாகியிருந்தால் வேறு எதையாவது தூக்குவார்.

ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், சித்தூர் தாலுகா. கேரளம் என்று சேர்த்து எழுதாவிட்டால் எனக்கு வரும் கடிதங்கள் ஆந்திராவின் சித்தூரைச் சுற்றிவிட்டு வரும். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம், சந்தையில் இரண்டும். தமிழ்வழிப் பள்ளியில் படித்துவிட்டு, மலையாளப் போஸ்டரை எழுத்துக் கூட்டிப் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். சினிமா விஷயத்தில் எங்களுக்கு எல்லை என்று ஒன்று இருந்ததே இல்லை. எம்.எஸ். விஸ்வநாதன் பிறந்த எலப்புள்ளி எங்களுக்குப் பக்கத்து ஊர். மலையாளத்தின் முதல் பேசும்படத்தை 1938ல் எடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். இதை ஒரு முறை சித்தூரில் திரைப்படச் சங்கம் நடத்திய மாஷிடம், அதாவது வாத்தியாரிடம், பெருமையாகச் சொன்னேன். "அதுனால என்ன, இன்னைக்கு நல்ல படம் எங்கே எடுக்கறாங்க?" என்று கேட்டார். அவர் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, 16 எம்.எம். புரொஜக்டரில் காட்டிய படங்கள்தான் எனக்குப் பள்ளிக்கூடம். அவர் கேள்விக்கு இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

1993ல் ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்கு விமர்சனம் எழுத ஆரம்பித்தேன். ஒரு விமர்சனத்துக்கு 150 ரூபாய். வெள்ளிக்கிழமை காலை வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு பஸ், காலைக்காட்சி, திரும்பும்போது பஸ்ஸிலேயே மனசுக்குள் எழுதுவது, சாயங்காலம் எஸ்டிடி பூத்தில் ஃபேக்ஸ். பக்கத்துக்கு இவ்வளவு என்று பூத்காரர் வாங்குவார் என்பதால் எழுத்தைப் பொடியாக எழுதி 350 வார்த்தையையும் ஒரே பக்கத்தில் அடக்கிவிடுவேன். பஸ், டிக்கெட், ஃபேக்ஸ், ஒரு சாப்பாடு போக மிஞ்சுவது டீக்காசு. பிறகு எப்படி முப்பது வருஷம் ஓட்டினேன் என்று கேட்பார்கள். அப்பா விட்டுப்போன தென்னந்தோப்பைக் கள் இறக்கக் குத்தகைக்கு விட்டிருந்தேன். சித்தூர்க் கள் பெர்மிட்டோடு வண்டியேறிக் கேரளாவின் மற்ற மாவட்டங்களுக்கெல்லாம் போகும். இரண்டு மைல் கிழக்கே, தமிழ்நாட்டில், அதே மரத்தில் பானை கட்டினால் கேஸ். ஆக, என் விமர்சன நேர்மைக்குக் காரணம் கள்ளு என்றுதான் சொல்ல வேண்டும். சென்னையில் பத்திரிகையாளர் காட்சி முடிந்ததும் கையில் வரும் கவரைப் பற்றி நண்பர்கள் சொல்வார்கள். எனக்கு அந்தச் சோதனை வந்ததில்லை. கவரோடு வேலந்தாவளம் வரைக்கும் யார் வருவார்கள்?

இனி அந்தப் படம்.

புதுமுக இயக்குநர், புதுமுகங்கள். கோவையில் ஒரு வாரம்கூட முழுதாக ஓடவில்லை. நான்காவது வாரம் படப்பெட்டி எங்கள் ஊருக்கு வந்தது. "இதைப் பத்தி யாருமே எழுதலை, உங்க ஊர்ல ஓடுதுன்னா பார்த்து எழுதுங்க" என்றார் ஆசிரியர். பார்த்தேன். இடைவேளை வரைக்கும் அருமையாகப் போன படம். அப்புறம், கணவன் வீட்டில் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருந்த பெண் திடீரென்று ஒரு விடியற்காலையில் பெட்டியோடு கிளம்பிவிடுகிறாள். ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. நான் எழுதினேன்: கதாநாயகி வீட்டைவிட்டுப் போவதற்கு இயக்குநரின் அவசரத்தைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது என்று எனக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம். ஆசிரியரும் அதைத்தான் எடுத்துக் கட்டம் கட்டிப் போட்டார்.

இரண்டு வாரம் கழித்து, பத்திரிகை முகவரி அடித்துத் திருத்தப்பட்டு, ஒரு போஸ்ட் கார்டு வந்தது. ஒரே வரி. "ஒன்பதாவது ரீல் பார்த்தீர்களா?" கீழே கையெழுத்து.

கொட்டகைக்கு ஓடினேன். படம் போய் வேறு படம் வந்திருந்தது. ஆப்பரேட்டர் அண்ணன் மிஷினுக்குக் கார்பன் குச்சி மாட்டிக்கொண்டிருந்தார். படத்தின் பேரைச் சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"ஆமாங் தம்பி, ஒரு ரீல எடுத்து வெச்சிருந்தேன். பாட்டும் இல்ல, சண்டையும் இல்ல. பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு."

"அதுல என்ன இருந்துச்சுங்கண்ணா?"

யோசித்தார். "ஒரு கொல்லப்பொறம். துவைக்கற கல்லு. அந்தப் புள்ள ஈரத்துணிய முறுக்கீட்டு இருக்குது. மாமியாக்காரி வாசப்படில நின்னு என்னமோ சொல்றா. இந்தப் புள்ள திரும்பிக்கூடப் பாக்கல. துணில சொட்டுத் தண்ணியில்ல, அப்பவும் முறுக்கீட்டே இருக்குது தம்பி."

"மாமியார் என்ன சொன்னாங்க?"

"அது எனக்கெப்படிங் தெரியும்? ரூமுக்குள்ள ஸ்பீக்கர் ரிப்பேராயி ரெண்டு வருசம் ஆச்சு."

அவர் படம் பார்த்தது அந்தச் சின்னச் சதுர ஓட்டை வழியாக, மிஷின் இரைச்சலோடு. ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் புள்ளி விழுகிறதா என்று பார்த்திருப்பதுதான் அவர் வேலை. முதல் புள்ளிக்கு அடுத்த மிஷினின் மோட்டாரைப் போட வேண்டும், இரண்டாவது புள்ளிக்கு மாற்ற வேண்டும். வசனம் கேட்காமல் பதினோரு நிமிஷத்தில் அவர் பார்த்ததை, டிக்கெட் வாங்கி முன்னால் உட்கார்ந்திருந்த எனக்குச் சொல்லித் தந்தார். தவற்றைச் செய்தவரும் அவர்தான், ஆனால் கோபம் வரவில்லை.

திருத்தம் போடலாமா என்று ஆசிரியரிடம் கேட்டேன். விமர்சனத்துக்கு வருத்தம் தெரிவிக்கிற வழக்கம் இல்லை என்றார். இயக்குநருக்கு நடந்ததை எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை. அவர் இன்னொரு படம் எடுத்ததாகத் தெரியவில்லை. அந்தப் படத்தை மறுபடி பார்க்கவும் எனக்கு வாய்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. படம் தொடங்கும் முன் சென்சார் சான்றிதழ் திரையில் வரும் அல்லவா, அதில் ரீல் எண்ணிக்கையும் நீளமும் இருக்கும். 35 எம்.எம். பிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும், மீட்டரில் 27.4. சான்றிதழில் 3,840 மீட்டர் என்றிருந்தால் படம் இரண்டு மணி இருபது நிமிஷம் ஓட வேண்டும். இருட்டில் குறிப்பேட்டில் முதலில் அந்த எண்ணை எழுதுவேன், படம் முடிந்ததும் இடைவேளையைக் கழித்துவிட்டு வாட்சைப் பார்ப்பேன். பத்து நிமிஷத்துக்கு மேல் குறைந்தால் வேறு கொட்டகையில் இன்னொரு முறை பார்ப்பது. 150 ரூபாய்க்கு இது கட்டுப்படியாகாது என்று என் மனைவி சொன்னதில் தப்பில்லை. இப்போது பெட்டியும் இல்லை, ரீலும் இல்லை. கியூப் என்கிற டிஜிட்டல் முறை வந்தபின் சான்றிதழிலேயே நிமிஷக் கணக்கு வந்துவிடுகிறது. இருந்தாலும் கை தானாக வாட்சுக்குப் போகிறது.

நாவல் எழுத உட்கார்ந்தது 2001ல். பல வருஷமாக அடுத்தவர் கதையைக் குறை சொன்னவனுக்குச் சொந்தக் கதை சுலபமாக வரும் என்று நினைத்திருந்தேன். முதல் வரைவில் எல்லா அத்தியாயமும் 350 வார்த்தையில் முடிந்திருந்தது! ஃபேக்ஸ் பக்கம் முடிகிற இடத்தில் என் மூச்சும் முடிந்தது. அதைவிட மோசம், பாத்திரம் ஒன்று பேசி முடித்ததும் நான் உள்ளே புகுந்து தீர்ப்புச் சொல்லிவிடுவேன். அப்படி அறுபது பக்கத்தைத் தூக்கிப் போட்டேன். ஆறு வருஷம் ஆனது.

இரண்டு வேலையையும் ஒருவர் செய்யலாமா என்று கேட்பவர்களிடம் கல்கியைச் சொல்வேன். விகடனில் படங்களை வெளுத்து வாங்கியவர்தான், 1939ல் தன் தியாகபூமியைத் தொடராக எழுதும்போதே கே. சுப்ரமணியம் அதைப் படமாக எடுக்கக் கொடுத்தார். தொடரோடு ஓவியத்துக்குப் பதில் வந்தவையும் அந்தச் சினிமா ஸ்டில்கள்தான். அவருக்கு இருந்த தைரியம் எனக்கில்லை. எனக்கு நெருக்கமானவர் அசோகமித்திரன். 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் இருந்தார். பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது அங்கே அவர் பார்த்த வேலைகளில் ஒன்று. பெரிய ஸ்டூடியோவில் பெரிய நட்சத்திரங்களுக்கு நடுவில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தவர் எத்தனை பார்த்திருக்கிறார் என்று அவர் எழுத்தைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் ஆப்பரேட்டர் அண்ணன் நினைவுக்கு வருவார்.

அந்தத் துவைக்கும் கல்லை நான் நாவலில் வைக்கவில்லை. அது இன்னொருவர் எடுத்த காட்சி. ஆனால் என் நாவலிலும் ஒரு பெண் வீட்டைவிட்டுப் போகிறாள். அவள் ஏன் போகிறாள் என்பதற்குப் பதினாறு பக்கம் எழுதினேன். மாமியார், வசனம், விளக்கம் எதுவும் இல்லாமல், கள் இறக்குகிற தோப்பில் ஒரு மத்தியானம். எழுதியதிலேயே எனக்குப் பிடித்த இடம்.

புரூஃப் வந்தபோது ஒரு கூத்து. எங்கள் பக்கம் மனவருத்தத்தை மலையாளத்தார் மாதிரியே விஷமம் என்போம். அப்பன் செத்த வீட்டில் "அவளுக்கு ரொம்ப விஷமமாப் போச்சு" என்று எழுதியிருந்தேன். சென்னையில் மெய்ப்புப் பார்த்தவர் அதை நல்ல தமிழாக்கி, "அவளுக்கு மிகவும் குறும்பாகப் போயிற்று" என்று மாற்றியிருந்தார். பிணத்தை வைத்துக்கொண்டு குறும்பு. நல்லவேளை, கண்ணில் பட்டது. அவரைக் குறை சொல்லி என்ன, எத்தனை மலையாளப் படத்தில் நான் இதே மாதிரி எதையெதையோ குறும்பென்று எடுத்துக்கொண்டேனோ.

2008ல் புத்தகம் வந்தது. முதலில் வாங்கிப் படித்தவர்கள் சினிமாக்காரர்கள்தான் என்று பதிப்பாளர் சொன்னார். பழிவாங்குவதற்கு ஆள் சேர்த்தார்களோ என்னவோ. நாலைந்து மதிப்புரைகள் வந்தன. ஒன்று மட்டும் சுருக்கென்று தைத்தது. எழுதியவர் சின்னப் பையன், கோவையில் கல்லூரியில் படிப்பவர். "நடையெல்லாம் சரி, ஆனால் அந்தப் பெண் ஏன் போகிறாள் என்பது கடைசிவரை விளங்கவில்லை" என்று எழுதியிருந்தார்.

அதே வாரம் பதிப்பாளர் வேறு விஷயத்துக்குப் போன் செய்தவர், பேச்சோடு பேச்சாக, பைண்டிங்கில் தவறு நடந்து சில பிரதிகளில் ஒரு ஃபாரம் விடுபட்டுப் போயிற்று, திரும்பி வந்தால் மாற்றிக் கொடுக்கிறோம் என்றார். எந்த ஃபாரம் என்று கேட்டேன். ஏழாவது. ஒரு ஃபாரம் என்றால் பதினாறு பக்கம். ஏழாவது என்றால் 97லிருந்து 112 வரை. என் தோப்பும் மத்தியானமும் அதற்குள்தான் இருந்தன.

அந்த மதிப்புரை என் மேல் சுமத்திய பாரம் அந்த நிமிஷம் இறங்கிவிட்டது. பையனின் நம்பரை எப்படியோ பிடித்தேன். சண்டை போட வருகிறேன் என்று நினைத்திருப்பார், குரல் நடுங்கியது. "ஒண்ணுமில்லீங்க, ஒரு சந்தேகம். உங்க பிரதியில 97ஆம் பக்கம் இருக்குதா, பாருங்க" என்றேன்.

"ஒரு நிமிஷம் சார்" என்று போனைக் கீழே வைத்தார். பக்கம் புரள்கிற சத்தம் கேட்டது. மெதுவாக, ஒவ்வொன்றாக.

"இருக்குதுங் சார். 112 வரைக்கும் எல்லாம் இருக்குது. இந்தத் தோப்புப் பக்கத்தைத்தானே கேக்கறீங்க? ரெண்டு தடவை படிச்சேனுங்க."

"சரிங்க தம்பி" என்றேன். வேறு என்ன சொல்ல.