காலிக் குடம்: ஒரு குறும்படத்தின் நாட்குறிப்பு

ஜூன் 1, ஞாயிறு

கதை ஒருவழியாக முடிவாகிவிட்டது. பத்து நிமிடப் படம். வியாசர்பாடியில் ஒரு தெரு, மூன்று நாளாகத் தண்ணி லாரி வரவில்லை. விசாரிக்க வரும் அதிகாரி, "லாரி தினமும் வருதில்ல?" என்கிறார். முன்னால் நிற்பவர் "வருது சார்" என்று கை தூக்க, மொத்தத் தெருவும் தூக்குகிறது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற, மறுநாளிலிருந்து காலிக் குடத்தை நிறைகுடம் போல இடுப்பில் சுமந்து நடக்கிறார்கள். ஒரு அக்கா மட்டும் குடத்தைக் கவிழ்த்துக் காட்டுகிறார். அதோடு படம் முடிகிறது.

ஜூன் 7, சனி

ஹவுசிங் போர்டு மொட்டைமாடியில் ஒத்திகை. நடிப்பவர்கள் எல்லாரும் எங்கள் பிளாக்கைச் சேர்ந்தவர்கள். குடத்தோடு நேராக, நிதானமாக நடக்கச் சொன்னேன். கீழ்வீட்டு அக்கா நின்றுவிட்டார்.

"இன்னாபா இது? நிறைகொடம் தளும்பாதுன்னு சொன்னவன் இடுப்புல கொடம் வெச்சிருக்கவே மாட்டான். தளும்பும்பா, பொடவ நனையும்."

அப்புறம் அவரே நடந்து காட்டினார். இடது இடுப்பு வெளியே தள்ளி, வலது கை காற்றில் விரிந்து, நாலடிக்கு ஒருமுறை குடத்தின் கழுத்தை மேலே ஏற்றிக்கொண்டு. சத்தியமாக அந்தக் குடத்தில் தண்ணீர் இருந்தது என்றே நினைத்தேன். ஒரு கை தண்ணீர் அள்ளி இடுப்புப் பக்கம் புடவையை நனைத்துக்கொண்டதும் அவர் யோசனைதான். படத்தின் சிரிப்பே இந்த நடையில்தான் இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

காலை ஆறு மணிக்கே தொடங்கினோம். ஜீவா ஸ்டேஷன் பக்கம் ரயில் போகும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி எடுத்தோம்.

கை தூக்கும் காட்சியில், பின்னி மில்லில் வேலை பார்த்த ஒரு தாத்தா மட்டும் தூக்கவில்லை. "கை தூக்கறதையே கேலி பண்ணாத தம்பி. அப்பிடித் தூக்கித்தான் சங்கம் வெச்சாங்க."

எனக்குச் சுருக்கென்றது. 1918-ல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற சென்னைத் தொழிலாளர் சங்கம், அந்த மில் தொழிலாளர்களுக்காக இந்தப் பக்கம்தான் பிறந்தது. சேர்ந்து தூக்கிய கைகளால்தான் இந்த ஊருக்கு ஒரு குரல் கிடைத்தது. என் கோபம் பக்கத்து ஆளைப் பார்த்துப் பார்த்துத் தூக்கும் கையின் மேல். அது திரையில் தெரிய வேண்டுமே! அதனால் ஒவ்வொருவரும் முதலில் பக்கத்தில் பார்த்து, பிறகு தூக்குவதாக மாற்றினேன். தாத்தா ஒத்துக்கொண்டார். எல்லாருக்கும் கடைசியாக அவர் கை மெல்ல மேலே போகிறது. அந்த ஷாட்டை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

மதியம், கடைசி டேக். எல்லாரும் "சூப்பர்" என்றார்கள், நானும் தலையாட்டினேன். மைக் பிடித்திருந்த பையன் மட்டும், "லாரி ஹாரன் விழுந்திருக்குண்ணா" என்றான். லாரியே வராத தெருவில் லாரி ஹாரன்! கேட்டுப் பார்த்தால், பாதிப் பேர் காதிலும் விழுந்திருக்கிறது. வெயிலில் யார் வாயைத் திறப்பது என்று இருந்துவிட்டார்கள். திரும்ப எடுத்தோம். அந்தப் பையனுக்கு பதினாறு வயதுதான்.

ஜூன் 11, புதன்

எடிட். முடிவு ஒட்டவே மாட்டேன் என்கிறது. அக்கா தனியாகக் குடத்தைக் கவிழ்க்கிறார், சரி, அப்புறம்?

உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951-ல் வெளியிட்ட சோதனை ஞாபகம் வந்தது. ஒரு கோட்டைக் காட்டி, வேறு மூன்று கோடுகளில் எது அதற்கு நீளத்தில் சமம் என்று கேட்பார்கள்; பதில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். ஆனால் அறையில் மற்றவர்கள், முன்கூட்டியே பேசிவைத்தபடி, தப்பாகச் சொல்வார்கள். சோதிக்கப்பட்டவர்களின் பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அந்தத் தப்போடு ஒத்துப்போனது. ஆனால் அறையில் இன்னும் ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னதும், அப்படி ஒத்துப்போவது பெருமளவு குறைந்துவிட்டது. எனக்கு வேண்டியது அந்த இன்னொருவர். இரண்டாவது குடம்.

ஜூன் 15, ஞாயிறு

ஒரே ஷாட்தான். தாத்தா வீட்டுத் திண்ணையிலிருந்து இறங்கி வந்து, ஒரு வார்த்தை பேசாமல், அக்கா பக்கத்தில் தன் குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறார். உட்கார்ந்தது அவராகச் செய்தது. குடம் லேசாக நெளிந்து 'டொக்' என்றது. அந்தச் சத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

மாடிச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டித் திரையிட்டோம். நடைக்குச் சிரித்துத் தீர்த்தார்கள். தாத்தாவின் கை மேலே போனபோது ஒருவரும் சிரிக்கவில்லை. 'டொக்' சத்தத்துக்குச் சின்னப் பிள்ளைகள் கைதட்ட, பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

விளக்கைப் போட்டதும் கீழ்வீட்டு அக்கா நேராக என்னிடம் வந்தார்.

"பொடவ நனைஞ்சது தெரிஞ்சுதா?"

தெரிந்தது அக்கா. நன்றாகத் தெரிந்தது.