ரூபிடியம் பெட்டி சரியாக ஓடுகிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

தொலைத்தொடர்பு நிலையங்களில் இருந்து கழற்றிய எஃப்இ-5680ஏ, எல்பிஆர்ஓ-101 போன்ற பழைய ரூபிடியம் பெட்டிகள், அதாவது ரூபிடியம் அணுவை வைத்து ஓடும் சிறிய அணுக் கடிகாரங்கள், இணையத்தில் ஓரளவு மலிவாகவே கிடைக்கின்றன. கரண்ட் கொடுத்துக் கொஞ்ச நேரம் சூடாக விட்டால் 10 மெகாஹெர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு ஒரு கோடி அதிர்வு, வருகிறது. சரி, அது உண்மையிலேயே 10 மெகாஹெர்ட்ஸ்தானா?

இதற்காக இன்னொரு ரூபிடியம் வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, வேண்டாம். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம் என்று தெரியுமே தவிர, எது பிசகுகிறது என்று தெரியாது. அந்தக் காசை ஜிபிஎஸ் ரிசீவரில் போடுங்கள். செய்மதிகளில் இருப்பதும் அணுக் கடிகாரங்கள்தான், அவற்றைத் தரையிலிருந்து இரவு பகலாகத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

நியோ-6எம் போன்ற சாதாரண ரிசீவரே செக்கனுக்கு ஒரு துடிப்பு தரும், அதன் பிசகு சுமார் 30 நனோசெக்கன் (ஒரு நனோசெக்கன் என்பது செக்கனில் நூறு கோடியில் ஒரு பங்கு). ஒரு செக்கன் மட்டும் அளந்தால் இது ஏறக்குறைய மூன்று கோடியில் ஒரு பங்கு, ரூபிடியத்தைச் சோதிக்கப் போதவே போதாது. ஆனால் இந்தப் பிசகு நாள் போகப் போகச் சேர்ந்துகொண்டே போவதில்லை, அதனால் ரிசீவரின் துடிப்புக்கும் ரூபிடியத்துக்கும் உள்ள நேர இடைவெளியை அளக்கும் கவுண்டரில் ஒரு முழு நாள் பதிந்து பார்த்தால் அதே 30 நனோசெக்கன் மூன்று லட்சம் கோடியில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. ரூபிடியம் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு தவறினாலும் ஒரு நாளில் 864 நனோசெக்கன் விலகிவிடும், அது வரைபடத்தில் பளிச்சென்று தெரியும். பொறுமைதான் இங்கே பாதிக் கருவி.

நம் மலையகத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. பள்ளத்தில் இருக்கும் வீடு என்றால் மலை பாதி வானத்தை மறைத்துவிடும். அதனால் கொஞ்சம் கூடச் செலவானாலும் எல்இஏ-எம்8டி போல நேரத்துக்கென்றே செய்த ரிசீவரைத்தான் சொல்வேன். அது முதலில் தன் இடத்தை நிதானமாகக் கணித்து வைத்துக்கொள்ளும், பிறகு ஒரே ஒரு செய்மதி தெரிந்தாலும் நேரம் தரும். மூடுபனி சிக்னலை ஒன்றும் செய்யாது, நனைந்த மர இலைகள் செய்யும், ஆகவே அன்டெனாவைச் சவுக்கு மரத்தடியில் வைக்காமல் தகரக் கூரைக்கு மேலே ஏற்றுங்கள். ரூபிடியம் பெட்டியை ஜன்னல் காற்றுப் படாத இடத்தில் வையுங்கள், இரவுக் குளிர் அப்படியே அளவீட்டில் ஏறிவிடும். கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில் பற்றரி இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

2005இல் அமெரிக்காவில் டாம் வான் பாக் என்பவர் ரூபிடியத்தைவிடத் துல்லியமான மூன்று சீசியம் அணுக் கடிகாரங்களைக் குடும்பத்தோடு வேனில் ஏற்றி ரெய்னியர் மலைக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் தங்கினார். திரும்பியபோது அவை வீட்டில் விட்டுவந்த கடிகாரங்களைவிட ஏறக்குறைய 22 நனோசெக்கன் முந்தியிருந்தன, உயரத்தில் நேரம் சற்று வேகமாக ஓடும் என்று ஐன்ஸ்டைன் சொன்னபடியே. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே கடல் மட்டத்தைவிட நாளுக்கு 17 நனோசெக்கனுக்குச் சற்று மேல் முந்த வேண்டும். மலிவு ரூபிடியத்தில் இதைப் பார்க்க முடியாது, அதன் சொந்த விலகலே இதை விழுங்கிவிடும். ஆனால் ரிசீவர், கவுண்டர், கூரை மேல் அன்டெனா எல்லாம் அதேதான், மாற வேண்டியது பெட்டி மட்டும். நல்ல நிலையில் ஒரு சீசியம் கடிகாரம் எங்கேயாவது கழிக்கப்படுகிறது என்று கேள்விப்பட்டால் எனக்குச் சொல்லுங்கள்.