கட்டில் கம்பியைத் தூக்குமுன்

லீவுக்குக் கடலூர் வந்தால் மஞ்சக்குப்பத்து வீட்டுக்கு நர்ஸிங் முடித்த பிள்ளைகள் யாராவது வந்துவிடுவார்கள். இங்கிலாந்து போகிறவர்கள், போகலாமா என்று யோசிக்கிறவர்கள், பாண்டிச்சேரிக்கு தினமும் பஸ் ஏறி கோச்சிங் போகிறவர்கள். இந்தத் தடவை வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஒரே கேள்வி: ரெஸ்ட்ரெயின், ரெஸ்ட்ரிக்ட், டிடெய்ன், வித்ஹோல்ட், ரிஃப்ரெயின், எல்லாமே தடுக்கிறதுதானே அக்கா, எதை எங்கே எழுதறது? கோச்சிங்கில் இவற்றைப் பட்டியலாகக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்கிறார்கள் போல. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலப் பரீட்சையான ஓஇடியில் ரைட்டிங்குக்கு சி பிளஸ், மற்ற மூன்றுக்கும் பி, அதை வாங்க அந்தப் பட்டியல் போதும். வேலைக்குப் போன பிறகு போதாது, ஏனென்றால் அங்கே இந்த வார்த்தைகளில் பாதிக்குப் பின்னால் ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது, மீதிக்கு ஒரு ஃபார்ம் இருக்கிறது.

நான் நர்ஸாக இருப்பது இங்கிலாந்தில் ஒரு கேர் ஹோமில், அதாவது முதியோர் பராமரிப்பு இல்லத்தில். பெரும்பாலும் டிமென்ஷியா என்கிற மறதி நோய் வந்த பெரியவர்கள். அங்கே முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய வார்த்தை ரெஸ்ட்ரெயின்ட்தான்.

நம் ஊர் வார்டில் என்ன செய்வோம்? மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகிற ரைல்ஸ் ட்யூபைப் பிடுங்குகிற தாத்தாவுக்குக் கையில் காஸ் துணியைச் சுற்றிக் கட்டிலோடு கட்டிவிடுவோம். பக்கத்தில் இருக்கிற மகளே, "சிஸ்டர், இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்க, அவிழ்த்துடுவார்" என்பார். அதில் கொடுமை எதுவும் இல்லை, ட்யூப் வெளியே வந்தால் திரும்பப் போடுவது அவருக்குத்தான் நரகம். ஆனால் கட்டினோம் என்று கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதிய ஞாபகம் எனக்கு இல்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005இல் வந்த மென்டல் கெபாசிட்டி சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தனக்கான முடிவைத் தானே எடுக்கிற திறன் இல்லாதவர்களைப் பராமரிப்பதற்கான சட்டம். அதன் 6ஆம் பிரிவில் ரெஸ்ட்ரெயின்ட் என்றால் என்ன என்று எழுதியிருக்கிறது: ஒருவர் எதிர்க்கிற காரியத்தைச் செய்ய பலத்தைப் பயன்படுத்துவது, பயன்படுத்துவேன் என்று மிரட்டுவது, அல்லது அவருடைய நடமாட்டத்தைக் குறைப்பது, அவர் எதிர்த்தாலும் சரி எதிர்க்காவிட்டாலும் சரி. இந்தக் கடைசித் துண்டைத்தான் நம் பிள்ளைகளுக்குப் புரியவைக்க நேரம் பிடிக்கிறது. பாட்டி சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிறாரே, அப்புறம் என்ன தடுத்தோம் என்று கேட்கிறார்கள். எழுந்திருக்க முடியாதபடி பின்னால் சாய்கிற நாற்காலியில் உட்கார வைத்தால் அது ரெஸ்ட்ரெயின்ட். வாக்கரைக் கைக்கு எட்டாத மூலையில் தள்ளி வைத்தாலும் அதேதான். மாலையில் தொந்தரவு பண்ணுகிறார் என்று மயக்கும் மாத்திரை கொடுத்தால் அதற்குக் கெமிக்கல் என்று முன்னால் ஒரு வார்த்தை சேரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியும் இதில் சேரலாம். இங்கே பேஷன்ட் கட்டிலில் படுத்ததும் நம் கை தானாகக் கம்பியைத் தூக்கிவிடும். அங்கே அவரவருக்குத் தனித்தனியாக மதிப்பீடு எழுதி, தேவை என்றால்தான் தூக்க வேண்டும். சுயநினைவோடு இருப்பவர் "எனக்கு பயமாக இருக்கிறது, தூக்கி விடு" என்று கேட்டால் அது அவருடைய சம்மதம், பிரச்சனை இல்லை. புரியாதவராக இருந்து, அவர் இறங்கக் கூடாது என்பதற்காக நாம் தூக்கினால்தான் 6ஆம் பிரிவு வருகிறது: அவருக்கு நேரக்கூடிய தீங்கைத் தடுக்க இது அவசியம் என்று நியாயமாக நம்ப வேண்டும், அந்தத் தீங்கு எவ்வளவு பெரியது, எவ்வளவு நடக்க வாய்ப்புள்ளது என்பதற்கு மேல் நம் தடுப்பு போகக் கூடாது. இது வெறும் பேப்பர் வேலை என்று எனக்கும் ஆரம்பத்தில் சலிப்பாக இருந்தது, ஆனால் காரணத்தைப் பார்த்தால் சரிதான். குழப்பத்தில் இருப்பவர் கம்பியைப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ள மாட்டார், அதன் மேல் ஏறுவார், கட்டில் உயரத்தோடு கம்பி உயரமும் சேர்ந்து விழுவார். கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவில் உடம்பு மாட்டிக்கொள்வதும் உண்டு. அதனால் முதலில் கட்டிலைத் தரையோரம் இறக்குவது, கீழே மெத்தை போடுவது, காலை வைத்தால் மணியடிக்கிற பாய் விரிப்பது என்று பார்த்துவிட்டுத்தான் கம்பிக்கு வருகிறோம்.

அந்த ஊரைத் தூக்கி வைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ராத்திரி முழுக்கக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மகள் அங்கே பெரும்பாலும் கிடையாது, அந்த இடத்தில்தான் மணியடிக்கிற பாய் இருக்கிறது. ஆள் குறைவான ஷிஃப்டில் மணி அடித்தாலும் ஓடிப்போக ஆள் வேண்டுமே. சட்டம் இருப்பதால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றும் இல்லை. 2010இல் ஓலாசேனி லூயிஸ் என்கிற இளைஞர் லண்டனில் மனநல மருத்துவமனையில் போலீஸ்காரர்கள் பலர் சேர்ந்து அமுக்கிப் பிடித்ததில் இறந்துபோனார், அவர் குடும்பம் போராடி 2018இல் மனநல வார்டுகளில் பலப்பிரயோகத்தைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வந்தது, அதை அவர் பெயரால் சேனி சட்டம் என்றே சொல்கிறார்கள். நமக்கு ஏர்வாடி மனநலக் காப்பகம் இருக்கிறது: 2001 ஆகஸ்ட் 6, தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். 2017ஆம் வருஷத்து நம் மனநலச் சட்டத்தில் சங்கிலியால் கட்டவே கூடாது, வேறு வழியே இல்லை என்றால்தான் உடலைக் கட்டுப்படுத்தலாம் என்று இருக்கிறது. அதைப் படித்திருந்தால் இங்கிலாந்துச் சட்டம் அவ்வளவு புதிதாகத் தெரியாது.

டிடெய்ன் வேறு. அது ஆளை வெளியே போகவிடாமல் சட்டப்படி நிறுத்தி வைப்பது. 1983ஆம் வருஷத்து மென்டல் ஹெல்த் சட்டத்தில் நர்ஸுக்கே அந்த அதிகாரம் இருக்கிறது, ஹோல்டிங் பவர் என்பார்கள்: மனநலச் சிகிச்சைக்காகத் தானாக வந்து சேர்ந்த உள்நோயாளி கிளம்பிப் போகிறேன் என்று நின்றால், டாக்டர் வரும்வரை அதிகபட்சம் 6 மணி நேரம் நிறுத்தி வைக்கலாம். மனநலத்திலோ கற்றல் குறைபாட்டுப் பிரிவிலோ பதிவு பெற்ற நர்ஸுக்குத்தான் அது, என்னைப் போல அடல்ட் நர்ஸாகப் பதிவு செய்தவர்களுக்கு இல்லை.

வித்ஹோல்ட் மருந்துக்கு. இதயத்துக்கான டிகாக்ஸின் மாத்திரை கொடுக்குமுன் நாடி பார்க்கிறோம், 60க்குக் கீழே என்றால் நிறுத்திவிட்டு டாக்டருக்குச் சொல்கிறோம், அப்போது சார்ட்டில் வித்ஹெல்ட். பேஷன்ட் வாயை மூடிக்கொண்டால் அது ரெஃப்யூஸ்டு. ஷிஃப்ட் மாறும்போது சொல்கிற ஹேண்டோவரில் இரண்டுக்கும் சேர்த்து "கொடுக்கலை" என்று சொல்லிவிட்டுப் போனால் அடுத்த ஷிஃப்ட் நர்ஸ் தலையில் விடியும்.

வந்த பெண்களில் ஒருத்தி பாண்டிச்சேரி, முத்தியால்பேட்டை, பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவள். நான் ரீடெய்ன், டிடெய்ன், கன்டெயின் மூன்றையும் ஒன்றாக எழுதிக் காட்டினேன், அவள் உடனே "தெனீர்னா பிடிக்கிறது அக்கா" என்றாள். அதேதான், எல்லாம் லத்தீனில் ஒரே வேர். ஸ்ட்ரெயின், ஸ்ட்ரிக்ட் என்று முடிபவை இறுக்குகிற வேரிலிருந்து வந்தவை, அதனால்தான் ரெஸ்ட்ரெயின், ரெஸ்ட்ரிக்ட், கன்ஸ்ட்ரெயின் எல்லாவற்றிலும் நெருக்குகிற வாடை அடிக்கிறது. ரிஃப்ரெயின் கடிவாளத்திலிருந்து வந்தது, பிரெஞ்சில் அந்தக் கடிவாளம் இப்போது ஃப்ரேன் ஆகி வண்டி பிரேக்காக ஓடுகிறது, இதையும் அவள்தான் சொன்னாள். தன்னைத் தானே அடக்கிக்கொள்வதற்கு மட்டும்தான் ரிஃப்ரெயின், பேஷன்டை ரிஃப்ரெயின் பண்ணினேன் என்று எழுதினால் மார்க் போகும். கர்ப் என்பதும் குதிரை வாய்ப்பட்டைதான், ஆனால் செலவுக்கும் பசிக்கும் பழக்கத்துக்கும் போடுவார்கள், ஆளுக்குப் போட மாட்டார்கள். கோச்சிங் பட்டியலைவிட இந்த வேர்க் கணக்கு அவர்களுக்குச் சீக்கிரம் பிடிபட்டது, பிரெஞ்சு தெரியாத கடலூர் பிள்ளைகளுக்கும்.

உண்மையில் இவர்கள் பயப்பட வேண்டிய வார்த்தை பரீட்சையிலேயே வராது. கிளாபேக். வேலையை விட்டுப் போனால் உங்களைக் கூட்டிவந்த செலவைத் திருப்பித் தா என்று ஒப்பந்தத்தில் இருக்கிற பத்தி அது. நான் இங்கே வேலை பார்த்த ஒரு இடத்தில் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பீரோவில் வைத்துக்கொண்டு, ராஜினாமா கொடுத்த பிறகும் அலைய விட்டார்கள், அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கறார் அதிகம். அங்கே பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டால் கட்டாய வேலையின் அடையாளமாகவே பார்ப்பார்கள், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பட்டியலிலும் அது இருக்கிறது. கிளாபேக் அப்படியில்லை, சட்டப்படி இருக்கலாம், ஆனால் எதையெல்லாம் அதில் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ் என்று ஒரு கட்டணம், அது நம் விசாவுக்கு ஸ்பான்சர் பண்ணுகிற முதலாளி கட்ட வேண்டியது, நம் தலையில் போடக் கூடாது. மாதம் போகப் போக நாம் தர வேண்டிய தொகை குறைந்துகொண்டே வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

முத்தியால்பேட்டைப் பெண் தன் ஒப்பந்தத்தைப் போனில் காட்டினாள். தொகை குறைகிற வரி எங்கேயும் இல்லை, செலவுப் பட்டியலும் இல்லை. இரண்டையும் எழுத்தில் கேட்டு ஏஜென்ட்டுக்கு மெயில் போடச் சொல்லியிருக்கிறேன், பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடட்டும்.