கண்ணை மூடி யோசிக்கும் பிள்ளை

மூளை அலையை அளந்து ஒரு மாணவர் பாடத்தைக் கவனிக்கிறாரா என்று சொல்லிவிடலாம் என்கிறார்கள். மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இதில் ஆசையும் உண்டு, பயமும் உண்டு.

ரெடுயி பல்கலைக்கழகத்தில் படிக்கும் அக்கா மகன் தன் ஆய்வுக்காக மூளை அலையை அளக்கும் தலைப்பட்டை ஒன்று வைத்திருக்கிறான். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்ன உணரிகள் தொடும். போட்டுப் பார்த்தேன். மடிக்கணினித் திரையில் கோடுகள் நெளிந்தன. கண் சிமிட்டியதும் பெரிய மேடு ஒன்று எழுந்தது. “அது மூளை இல்லை சித்தி, கண்ணு” என்றான். பல்லைக் கடித்தால் திரை முழுக்கக் கிறுக்கல். மூளையிலிருந்து மண்டைத்தோலுக்கு வந்து சேருவது சில பத்து மைக்ரோவோல்ட்தான். ஓரிடத்தில் உட்காராத எட்டு வயதுப் பிள்ளைகளிடம் அதைப் பிரித்தெடுப்பது லேசான வேலை இல்லை. ஆய்வகத்தில் மின்முனை என்னும் உணரிகள் பதித்த தொப்பி மாட்டி அளப்பதென்றால் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்வார்கள். என் வகுப்புப் பெண் பிள்ளைகளோ எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னி வருகிறவர்கள்! அடர்ந்த சுருட்டை முடியிலும் மின்முனை தோலில் சரியாகப் படியாது. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பின்னல் வரிசைகளுக்கு நடுவே பொருந்தும்படி மின்முனைகளை வடிவமைத்திருக்கிறார்கள். இங்கே யாராவது அளக்க வந்தால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்புறம் கண்ணை மூடினேன். நொடிக்கு 8 முதல் 13 முறை அசையும் ஆல்ஃபா அலை பெரிதானது. 1995இல் நாசா ஆய்வாளர்கள் வெளியிட்ட ஈடுபாட்டுக் கணக்கு ஒன்று உண்டு: ஆல்ஃபாவைவிட வேகமான பீட்டா அலையை, ஆல்ஃபாவும் அதைவிட மெதுவான தீட்டாவும் சேர்ந்த தொகையால் வகுப்பது. ஆல்ஃபா கூடினால் மதிப்பு இறங்கிவிடும்.

என் வகுப்பில் ஒரு சிறுமி. தைப்பூசத்துக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். வீட்டில் பேச்செல்லாம் பிரெஞ்சிலிருந்து கிளைத்த எங்கள் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல்தான். உதடு மட்டும் அசையும். கொஞ்ச நேரம் கழித்து, “அப்பா காவடி எடுத்தார்” என்று முழு வாக்கியமாகச் சொல்வாள். அந்தக் கணக்குப்படி அவள் கவனமில்லாத பிள்ளை. ஆனால் நினைவில் வைத்திருக்க வேண்டியது கூடக்கூட ஆல்ஃபாவும் கூடுகிறது என்று 2002லேயே ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. அவள் உள்ளே சொல் தேடுகிறாள்.

2017இல் வெளியான நியூயார்க் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 12 உயர்நிலைப்பள்ளி மாணவர்களின் மூளை அலைகளை ஒரு பருவம் முழுக்க அவர்கள் வகுப்பிலேயே பதிந்தார்கள். பாடத்தில் ஈடுபாடு கூடியபோது ஒருவர் அலைகளும் மற்றவர் அலைகளும் கூடுதலாக ஒத்துப்போயின. பாடத்துக்கு முன் சற்று நேரம் முகம் பார்த்து உட்கார்ந்த ஜோடிகளிடமும் அந்த ஒத்திசைவு அதிகம். அதைப் படித்ததிலிருந்து, பாடம் தொடங்கும் முன் பிள்ளைகளை ஜோடியாகப் பேச விடுகிறேன்.

சீனாவில் ஜின்ஹுவா நகரத் தொடக்கப்பள்ளி ஒன்றில் நடந்தது வேறு. பிள்ளைகளின் நெற்றிப் பட்டையில் விளக்கு எரியும், கவன மதிப்பெண் பெற்றோருக்குப் போகும். 2019இல் செய்தி பரவி எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தினார்கள். அப்படியொரு பட்டை என் வகுப்புக்குள் வந்தால் கட்டாயம் எதிர்ப்பேன்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ஒரே படத்துக்குக் கிரியோலில் பெயர் சொல்லும்போதும் தமிழில் சொல்லும்போதும் அந்தச் சிறுமியின் மூளையில் என்ன மாறுகிறது? அக்கா மகன் தன் பேராசிரியரிடம் கேட்கிறேன் என்றிருக்கிறான். முதலில் எங்களைப் போன்ற பெரியவர்களை வைத்துப் பார்க்கட்டும். பிள்ளைகள் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும், மதிப்பெண்ணாக எதுவும் வெளியே போகக் கூடாது என்று அவனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.